சாக்குக்கு இரண்டு கிலோ

1

அந்த முகாமுக்கு வைத்த பேனரை அடித்துக் கொடுத்ததே நான்தான். தானா ராத்தா என்கிற இந்த மலையூரில் பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடையில் பேனர், பெயர்ப் பலகை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடிக்கிறேன். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவன், இங்கே பதினோரு வருடமாக ஸ்ட்ராபெரிப் படங்களோடு மாரடிக்கிறேன். இந்த ஊரில் ஸ்ட்ராபெரி இல்லாத போர்டு கிடையாது. டயர் கடைக்காரர்கூட ஓரமாக ஒன்று போடச் சொல்வார்.

புற்றுநோய் வந்த சிறு குழந்தைகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் மூன்று நாள் விடுமுறை முகாம். வாசகம் நான்கு மொழியில் வந்தது. தமிழ் வரி மட்டும் 'நோய்க் குழந்தைகள் குடும்பக் கூடாரம்' என்று இருந்தது. மலாயில் கெம் என்றால் முகாம், கெமா என்றால் கூடாரம். யாரோ எங்கோ வழுக்கியிருக்கிறார்கள். நான் ஒருவரையும் கேட்காமல் 'குடும்ப விடுமுறை முகாம்' என்று திருத்தினேன். 'நோய்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். அடுத்தவர் வாசகத்தில் கை வைப்பது என் தொழிலில் தப்பு. ஆனால் அந்தப் பேனருக்குக் கீழே நிற்கப் போகிறவர்களில் நாங்களும் உண்டு.

எங்கள் மகள் நிஷாவுக்கு ஆறரை வயது. நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் மருந்து ஓடியது. நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. இனி மாதம் ஒருமுறை மலையிறங்கிப் போய் ரத்தம் கொடுத்து, எடை பார்த்து, திரும்பி வர வேண்டும். வளைவுகளில் அவள் வாந்தி எடுப்பாள். எந்த வளைவில் எடுப்பாள் என்பதுகூட எங்களுக்குத் தெரியும்.

மற்ற குடும்பங்கள் கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் குளிர் காற்றுக்காக மலையேறி வருகிறார்கள். நாங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் காரில் போய் விடுமுறை கொண்டாடினோம். ஊரில் இருப்பவர்களுக்கு இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. சிரிப்பு என்றால் வாய் மட்டும்தான்.

2

எங்கள் வீட்டுச் சமையலறையில் குதிரைப் படம் போட்ட சீனக் கடைக் காலண்டர் தொங்குகிறது. மற்றவர்கள் அதில் கேஸ் மாற்றிய தேதியைக் குறிப்பார்கள். கஸ்தூரி நிஷாவின் எடையைக் குறிப்பாள். கஸ்தூரி என் மனைவி. இந்த மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், லோரி டிரைவர் மகள்.

எடைக்குக் காரணம் இருக்கிறது. நோய் முதலில் அப்படித்தான் வந்தது. காய்ச்சல், உடம்பில் நீலத் திட்டுகள் எல்லாம் பிறகுதான். ஒரு மாதத்தில் பதினைந்து கிலோ பதின்மூன்றானது. கவுன் தோளில் நிற்கவில்லை. நாங்கள் கவுனைப் பிடித்துத் தைத்தோம், குழந்தையைக் கவனிக்கவில்லை. மருந்து தொடங்கியதும் எல்லாமே எடைக் கணக்கானது. இத்தனை கிலோவுக்கு இத்தனை மில்லி. வார்டில் பெற்றோர் பெயர் கேட்பதற்கு முன்பே 'எத்தன கிலோ?' என்றுதான் கேட்டுக்கொள்வோம். மருந்தை நிறுத்திய அன்று டாக்டர் சொன்னதும் அதுதான். சும்மா இருக்கும்போது எடை இறங்கினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள், உடனே வாருங்கள்.

கடைசியாகப் பார்த்தபோது பதினெட்டு கிலோ இருநூறு கிராம். அதற்குப் பிறகு ஒன்பது நாள் கழித்து முகாம்.

சிவகாசியில் என் அக்கா சாத்தூர்ப் பக்கத்து அம்மன் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாள். நிஷாவுக்கு முழுக்கச் சரியானதும் துலாபாரம். ஒரு தட்டில் நிஷா, இன்னொரு தட்டில் வெல்லம். மாதம் ஒருமுறை வீடியோவில் வந்து, "இளைச்ச மாதிரி இருக்காளேடா. இப்ப எத்தன கிலோ? வெல்லத்துக்குச் சொல்லி வைக்கணும்ல" என்பாள். நம் ஊரில் பாசம் வந்தாலே முதல் வார்த்தை 'இளைச்சுட்டே'தான். அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லாதே என்று அக்காவிடம் நான் ஒருமுறை கத்தியிருக்கிறேன். அவள் அழுதாள். அடுத்த மாதம் மறுபடி சொன்னாள்.

3

முகாமுக்கு விண்ணப்பப் படிவம் ஆறு பக்கம். தகப்பன் வெளிநாட்டவன் என்றால் விசா முடியும் தேதி எழுத ஒரு கட்டம். தாரிக் லூபுட் என்று போட்டிருக்கும். காலாவதித் தேதி. தாரிக் லாகிர் என்றால் பிறந்த தேதி. நான் எத்தனையோ வருடமாக இந்த இரண்டையும் எழுதிக்கொண்டிருப்பவன். இருந்தும் காலாவதிக் கட்டத்தில் நிஷாவின் பிறந்த தேதியை எழுதிவிட்டேன். முகாமை நடத்துகிற ரோஹானா மிஸ்ஸி அதைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் ஓய்வு பெற்ற மலாய்க்கார நர்ஸ், நல்ல மனுஷி. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு கடையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு அழித்து, சரியான தேதியை எழுதினேன்.

முகாம் நடந்தது தோட்டத்தில் பழைய துரை பங்களாவில். கஸ்தூரி பிறந்த தொழிலாளர் லயத்திலிருந்து கூப்பிடு தூரம். சின்ன வயதில் அவள் அந்த வேலிக்கு உள்ளே கால் வைத்ததில்லையாம். வெள்ளிக்கிழமை மதியம் வரவேற்பறையில் ஷூவோடு நின்றுகொண்டு, "இதுக்குள்ள வர்றதுக்கு நமக்கு இந்தச் சீக்கு வேண்டியிருக்கு பாருங்க" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு அறையைத் தேடிப் போனாள்.

ஒன்பது குடும்பங்கள். முடி முளைத்தவர்கள், முளைக்காதவர்கள். நிஷா அரை மணி நேரத்தில் எல்லோரோடும் ஓட ஆரம்பித்துவிட்டாள். அவள் பேசுவதில் பாதி மலாய், கால்வாசி ஆங்கிலம், மீதி அவளுடைய அம்மாவின் தோட்டத் தமிழ். என் தமிழ் அவளிடம் போய்ச் சேர்வதில்லை. முதலில் எனக்கு அது வருத்தம். வார்டில் இருந்தபோதுதான் அதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தோம். அவளை வைத்துக்கொண்டே பயங்கரமான விஷயங்களை நல்ல தமிழில் பேசலாம், அவளுக்குப் புரியாது. மற்ற வீடுகளில் பிள்ளைக்குத் தமிழ் வளர வேண்டும் என்று கவலைப்படுகிறார்கள். நாங்கள் அது வளராமல் இருப்பதை உபயோகித்துக்கொண்டோம்.

4

சனிக்கிழமை காலை தூறிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு விட்டதும் குழந்தைகளைத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நடத்திப் போனார்கள். கஸ்தூரி, தான் பிறந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வருவதாக லயத்துப் பக்கம் போய்விட்டாள்.

இப்போது கொழுந்து வெட்டுவது மெஷின். ஆட்கள் நேபாளம், பங்களாதேஷ். என்னைப் போல வந்தவர்கள்தான், எனக்கு மட்டும் பொண்டாட்டி மூலம் விசா. அவர்கள் சாக்குகளை ஒதுக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்று கால் நட்டு, நடுவில் ஒரு வட்டத் தராசு தொங்கியது. அதன் முகம் நிறுக்கிற ஆளின் பக்கம். அவர் பெயர் அந்தோணி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, முப்பது வருடமாகக் கொழுந்து நிறுக்கிறவர்.

ரோஹானா மிஸ்ஸி செய்துவைத்திருந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு குழந்தையும் தொட்டிலாகக் கட்டிய புதுச் சாக்கில் உட்கார வேண்டும். அந்தோணி எடையைக் கூவுவார். ஒரு பெண் அதைப் பச்சைக் காகித இலையில் எழுதி, குழந்தையின் நெஞ்சில் குத்திவிடுவாள். 'நான் இத்தனை கிலோ கொழுந்து'. குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆஸ்பத்திரித் தராசு என்றால் அழுகிறவர்கள் இங்கே வரிசையில் முண்டியடித்தார்கள். நல்ல யோசனைதான்.

நிஷா உட்கார்ந்தாள். சாக்கு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அந்தோணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நிஷா... பதினாறு!"

நான் அவர் பக்கத்தில் போனேன். அதற்குள் அவளை இறக்கிவிட்டு அடுத்த பையனை ஏற்றிவிட்டார்கள்.

"அண்ணே, சரியா பாத்தீங்களா?"

"முப்பது வருசமா இதான் வேல தம்பி. ஒரு கிலோ தப்பாது."

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த எடையைக் கூவிக்கொண்டிருந்தார். இலையில் 16 என்று பெரிதாக எழுதி, நிஷாவின் நெஞ்சில் குத்தினார்கள். அவள் அதைத் தடவிக்கொண்டே என்னிடம் ஓடி வந்தாள்.

"அப்பா, நான் எனாம் பெலாஸ் கிலோ கொழுந்துலா!"

மழை வந்தால் நனைந்துவிடும், அப்பா வைத்திருக்கிறேன் என்று சொல்லி இலையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

5

ஒன்பது நாளில் இரண்டு கிலோ. போன தடவை இரண்டு கிலோ இறங்க ஒரு மாதம் ஆனது.

எனக்கு நெஞ்சு அடைக்கவில்லை, கை நடுங்கவில்லை. ஆச்சரியமாக இருந்தது. வேலைகள்தான் வரிசையாக வந்து நின்றன. திங்கட்கிழமை கிளினிக்குக்கு போன் போட வேண்டும். கடைக்கு ஆள் பார்க்க வேண்டும். என் விசா அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிக்க மனைவி நேரில் வர வேண்டும், அவள் நிஷாவோடு வார்டில் இருந்தால் கடிதம் வாங்க வேண்டும். போன தடவை அப்படிக் கொண்டு போன கடிதத்தைக் கவுண்டரில் இருந்த பெண் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாள். நிஷாவுக்கு முடி காதுக்குக் கீழே வந்துவிட்டது. அதை மறுபடி மழிக்க வேண்டும், யார் மழிப்பது.

கஸ்தூரியிடம் சொல்லவில்லை. அவள் லயத்திலிருந்து பன்னிரண்டு மணிக்கு வந்து, அந்த வீட்டில் ஒரு நேபாளக் குடும்பம் இருப்பதாகவும், உட்கார வைத்து டீ கொடுத்ததாகவும் சொன்னாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு இன்னும் ஒரு மணி நேரம்.

மதியச் சாப்பாட்டு மேசையில் சத்தமே இல்லை. கோழிக் குருமா, நாசி லெமாக், பழம் எல்லாம் இருந்தது. குழந்தைகள் மட்டும் சாப்பிட்டார்கள். காலையில் வாய் ஓயாமல் பேசிய கிள்ளான்காரர் தட்டில் சோற்றை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு மலாய்க்காரத் தாய் மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, விரலால் வளையம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் குழந்தையின் நெஞ்சிலும் இலை இல்லை. இதையெல்லாம் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அக்காவிடமிருந்து செய்தி வந்தது. வெல்லக் கடைக்காரர் கேட்கிறார், எத்தனை கிலோ என்று போடு. நான் '18' என்று போட்டு அனுப்பினேன். பொய் சொல்லும்போது கொஞ்சம் உறுத்தும் என்பார்கள். உறுத்தவில்லை.

மதியத்துக்கு மேல் பட்டம் விட்டார்கள். நிஷா பட்டத்தை என் கையில் கொடுத்து, "அப்பா பிடி, அப்பா பிடி" என்றாள். பிடித்தேன். பயத்துக்குப் பதிலாக எனக்குள் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட அப்போது மனம் வரவில்லை.

6

நான்கு மணி டீக்கு நிஷாதான் உடைத்தாள்.

"அம்மா, எனக்கு இலை குடுத்தாங்க. அப்பா எடுத்துக்கிட்டாரு."

"என்னா இலை?" என்று கஸ்தூரி என்னைப் பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 16. அவள் படியில் உட்கார்ந்தாள். நிஷா பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

"எப்ப நிறுத்தாங்க?"

"காலையில. நீ லயத்துக்குப் போயிருந்தப்ப."

"காலையிலேர்ந்து வச்சிக்கிட்டு இருக்கீங்களா?"

அவள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"யாரு நிறுத்தாங்க?"

"அந்தோணின்னு ஒருத்தர்."

"சாக்குல போட்டா? தூறல் விட்டதும் நிறுத்தாங்களா?"

"ஆமா. ஏன்?"

"அடக் கடவுளே. அவரு கழிச்சிருப்பாருங்க. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு. எங்கம்மாவுக்கு சாகுற வரைக்கும் கழிச்சாங்க. முப்பது கிலோ கொண்டு போய்ப் போட்டா, இருபத்தெட்டுன்னுதான் வாயில வரும்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. பதினோரு வருடம் இந்த மலையில் இருக்கிறேன். தேயிலைப் படம் போட்டு நூறு பேனர் அடித்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாது.

நாங்கள் தேடிப் போனபோது அந்தோணி வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். கஸ்தூரியைப் பார்த்ததும் "லோரிக்காரர் மகளா? வாம்மா" என்றார். அவள் நலம் விசாரிக்கவெல்லாம் இல்லை.

"மாமா, காலையில பிள்ளைங்கள நிறுத்தீங்களே, கழிச்சீங்களா?"

அவர் கையில் குழாயோடு நின்றார். தண்ணீர் அவர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

"கழிச்சேனா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். உதடு அசைந்தது. "ஆமாம்மா. தராசுல பதினெட்டு இருந்துச்சு. வாயில பதினாறு வந்துச்சு. பழக்கம்லா... ஏன், சின்னப் பிள்ளைங்க வெளையாட்டுதானே?"

கஸ்தூரி காரணத்தைச் சொன்னாள். எடை இறங்கினால் என்ன அர்த்தம் என்று சொன்னாள். அவர் குழாயை மூடினார். பிறகு உள்ளே போய், தேவாலயத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தராசைத் தானே தோளில் தூக்கிக்கொண்டார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை.

பங்களா முற்றத்தில் ரோஹானா மிஸ்ஸி மலாயில் விஷயத்தைச் சொன்னபோது, முதலில் யாரும் அசையவில்லை. அப்புறம் அந்தக் கிள்ளான்காரர் எழுந்தார். "என் மகன் மட்டும்னு நெனச்சேன்" என்றார். பக்கத்தில் இருந்த சீனத் தகப்பன் பையிலிருந்து ஒரு பச்சை இலையை எடுத்துக் காட்டினான். அந்த மலாய்க்காரத் தாயும் எடுத்தாள். ஒன்பது வீட்டிலும் ஒவ்வொருவர் ஒளித்து வைத்திருந்தோம். பட்டம் விட்டபோது எல்லோர் பையிலும் அது இருந்திருக்கிறது.

குழந்தைகள் மறுபடி வரிசையில் முண்டியடித்தார்கள். அந்தோணி ஒவ்வொரு முறையும் தகப்பனையோ தாயையோ பக்கத்தில் கூப்பிட்டு, முள்ளைக் காட்டி, "நீங்களே படிங்க" என்றார். நிஷாவுக்கு நான் படித்தேன். பதினெட்டு. அதற்கு மேல் அரைக் கோடு. எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. குசினியில் மதியச் சோற்றைச் சுட வைத்துக் கொடுத்தார்கள். மேசையில் ஒரே சத்தம். நானும் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கிளம்பினோம். கஸ்தூரி ஓட்டினாள். பின் சீட்டில் நிஷா கண்ணாடியில் மூச்சு விட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பத்து நிமிடப் பாதைதான். வார இறுதி நெரிசலில் ஒரு மணி நேரமானது.

வண்டி நகராமல் நின்ற ஓர் இடத்தில் எனக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. வார்டில் பேசிப் பழகிய நல்ல தமிழில்தான் சொன்னேன்.

"கஸ்தூரி, நேத்து பதினாறுன்னு கேட்டப்ப எனக்கு அழுகை வரல. பயமும் வரல. நிம்மதியா இருந்துச்சு. இனிமே எதையும் எதிர்பார்த்துக் காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்லன்னு ஒரு நிம்மதி. நான் என்ன தகப்பன்."

அவள் முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் வந்திருக்கு. ஒரு தடவ இல்ல" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. இரண்டரை வருடத்தில் முதல் தடவை. அவள் கியரிலிருந்து கையை எடுத்து என் முழங்கையைப் பிடித்தாள்.

பின்னாலிருந்து நிஷா கேட்டாள். "அம்மா, நிம்மதினா என்னா?"

கஸ்தூரி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா. ஹேப்பி மாதிரி."

"ஓ" என்றாள் நிஷா. பஸ் நகர்ந்தது. நாங்கள் அதை அதோடு மறந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து சோறு, ரசம், முட்டை பொரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். முட்டை என்றால் நிஷாவுக்கு உயிர். இன்னும் மூன்று வாரத்தில் கிளினிக், அதற்குள் இருநூறு கிராமாவது ஏற்றிவிடலாம் என்று கஸ்தூரி இரண்டு முட்டை வைத்திருந்தாள். நிஷா ஒரு முட்டையில் பாதியைச் சாப்பிட்டாள். நான்கு வாய் சோறு சாப்பிட்டாள். பிறகு தட்டை மெதுவாகத் தள்ளி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன்மா, வயிறு வலிக்குதா?" என்றேன்.

"இல்லலா. இனி கொஞ்சமாதான் சாப்பிடுவேன். அப்பாவுக்காக. பதினாறு ஆயிடுவேன்."

கஸ்தூரி கரண்டியோடு நின்றுவிட்டாள். நிஷா என் முகத்தையே பார்த்தாள், நல்ல மார்க் வாங்கி வந்தவள் போல. அன்று கற்றுக்கொண்ட வார்த்தையை ஒவ்வோர் எழுத்தாக, கவனமாகச் சொன்னாள்.

"நிம்மதியாப்பா?"